பென்டிரைவின் மேல் போட்ட பழி

ஓர்ஸ் ஹில்லில் ஒரு நில அளவையாளரின் கந்தோரில் பல வருடமாக வேலை செய்கிறேன். மொத்தம் மூன்று பேர்தான். அளவையாளரை சேர் என்போம். கடிதங்களும் கோப்புகளும் என் பொறுப்பு. கணினிகளில் ஏதும் பிழைத்தாலும் நான்தான் பார்ப்பேன். மூன்றாவது ஆள், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண். சேர் அளந்து வரும் காணிகளைக் கணினியில் வரைபடமாக்குவது அவளுடைய வேலை. எனக்கு அவள் தங்கச்சி, அவளுக்கு நான் அண்ணன்.

நடந்தது நோன்பு மாதத்தில். பிற்பகலில் அவளுக்குக் களைத்துவிடும். வேலையில் கொஞ்சத்தை வீட்டில் விடியச் செய்து பென்டிரைவில் கொண்டுவரச் சொன்னதே நான்தான். அவள் அப்படித்தான் செய்துவந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் தன் கணினியைப் போட்டாள். விசிறி சுற்றி, இரண்டு மூன்று செக்கனில் நின்றது. பிறகு தானாகவே சுற்றி மறுபடி நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. என்னைக் கூப்பிட்டாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது சேர் வந்துவிட்டார். அந்தக் கிழமை ஒரு காணி வழக்குக்குக் கொடுக்க வேண்டிய வரைபடம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பழைய பிரதி ஏதும் கிடக்கிறதா என்று தேட அவள் பின்னறைக்குப் போனாள்.

“ஆர் கடைசியாப் பாவிச்சது?” என்று சேர் கேட்டார்.

“தங்கச்சிதான் சேர். வெள்ளிக்கிழமை வீட்டில இருந்து பென்டிரைவ் கொண்டுவந்து போட்டவ. வைரஸ் ஏதும் வந்திருக்கும்.”

சொல்லும்போதே அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். திரையில் ஓர் எழுத்து வரும் முன்பே ஒரு கணினி நின்று நின்று எழும்பினால், பார்க்க வேண்டியது மின்சாரத்தையும் உள்ளிருக்கும் பாகங்களையும். பென்டிரைவை அல்ல. ஆனால் கணினி தெரிந்தவன் என்று அந்தக் கந்தோரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. காரணம் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

சேர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அவளைக் கூப்பிட்டு, இனி வீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவர வேண்டாம், இது சரிவரும்வரை எந்தக் கணினியிலும் கைவைக்க வேண்டாம், பின்னறையில் பழைய வரைபடங்களை அடுக்கினால் போதும் என்றார். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

“நான் என்ன செய்தனான் சேர்?”

சேர் என்னைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே புகுந்து பிளக்கைக் கழற்றினேன்.

செவ்வாய் முழுக்க அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். வேறு பிளக்கில் போட்டேன், வேறு வயர் போட்டேன். யூபிஎஸ்ஸை விலத்தி நேரே சுவரில் கொடுத்தேன். மூடியைத் திறந்து தூசி தட்டினேன். துறைமுகக் காற்றில் ஸ்குரூக்கள் துருப்பிடித்திருந்தன. அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நினைவகத் தகடான ரெம்மைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்லுகளை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டினேன். என்னுடைய கணினியின் பவர் சப்ளையைக்கூடக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். சுற்றியது, நின்றது, சுற்றியது.

புதன்கிழமை காலை, பெட்டியின் முன்பக்கப் பட்டன்களிலிருந்து மதர்போட்டுக்கு வரும் மெல்லிய வயர்களைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனுக்குரிய இரண்டு ஊசிகளையும் ஸ்குரூட்ரைவர் நுனியால் ஒருகணம் தொட்டேன். கணினி எழும்பியது. நிற்கவேயில்லை. திரையில் எல்லாம் வந்தது, வழக்கு வரைபடமும் இருந்தது. அப்படியென்றால் பிழை பட்டனில். முன்பக்கத்தைக் கழற்றினேன். திரும்ப ஆரம்பிக்க வைக்கும் அந்தச் சின்ன ரீசெட் பட்டன் உள்ளே போய் ஒட்டிப்போயிருந்தது. அதைச் சுற்றி மண்ணிறத்தில் பிசுபிசுப்பு. நாலைந்து எறும்புகள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நான் தனியே வந்து, சன்னலோரம் காற்று வரும் என்று அவளுடைய மேசையில் இருந்து கோப்பு பார்த்தேன். தேத்தண்ணிக் கிளாஸை அந்தப் பெட்டியின் மேல் வைத்தேன். கை தட்டி அது முன்பக்கமாகச் சரிந்தது. கடதாசியால் துடைத்துவிட்டு மறந்துபோனேன். சேர் சீனி தொடுவதில்லை. அவளுக்கு நோன்பு. அது வேறு ஆருடைய தேத்தண்ணியாகவும் இருக்க ஏலாது.

ரீசெட் வயரைத் திரும்பப் பூட்டாமல் விட்டு, பட்டனைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்தேன். அப்போதே எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சேரே வந்து, “சரிவந்திட்டா? என்ன பிழை?” என்று கேட்டார்.

“உள்ளுக்க ஒரு வயர் இளகியிருந்தது சேர்.”

“அப்ப வைரஸ் இல்லையா?”

“அதுவும் இருந்திருக்கலாம்.”

முதல் நாள் சொன்னது அவசரத்தில் வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லலாம். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. கையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு சொன்னேன்.

சேருக்கு வைரஸ் பயம் போகவில்லை. நோன்பு முடியும்வரை அவள் பின்னறையில்தான் இருந்தாள். அவளுடைய வேலையை நான் செய்தேன், அவளைவிட மோசமாக. காலையில் வரும்போது எப்போதும்போல சிரிப்பாள். நான் கோப்பைத் திறந்துகொள்வேன். பெருநாளுக்கு முதல் நாள் சேருக்கு கோல் எடுத்து, இனி வேலைக்கு வரவில்லை என்று சொன்னாள்.

அன்றுதான் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “என்னட்டச் சொல்லி என்ன? அவவிட்டப் போய்ச் சொல்லும்” என்றார்.

பெருநாள் கழிந்து இரண்டாம் நாள் கிண்ணியாவுக்குப் போனேன். அவளுடைய வாப்பா விறாந்தையில் கதிரை போட்டு, பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவரச் சொன்னார். நான் விருந்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அவள் அதைக் கொண்டுவந்து வைத்து, அவர் உள்ளே போனதும், தேத்தண்ணி, பட்டன், சேரிடம் சொன்ன இரண்டு பொய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“பட்டன் கதை எனக்குத் தெரியாது அண்ணன்” என்றாள். “ஆனா நீங்க அண்டைக்கு சேரிட்டச் சொல்லக்குள்ள நான் பின்னறைக் கதவடியில நிண்டனான்.”

அந்த மூன்று கிழமையும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “வட்டிலப்பத்தைச் சாப்பிடுங்க” என்றாள். சாப்பிட்டேன்.

சேரும் தானே கோல் எடுத்து அவளிடம் வருத்தம் சொன்னார். அடுத்த கிழமை திரும்பி வந்தாள். அதே மேசை, அதே கணினி. இப்போதும் எனக்கு அவள் தங்கச்சிதான், அவளுக்கு நான் அண்ணன்தான். வேலை ஒழுங்காக நடக்கிறது.

போன மாதம் பிரின்டரில் கடதாசி சிக்கிவிட்டது. நான் போய் மூடியைத் திறந்தேன். ஆரும் ஒன்றும் கேட்கவில்லை, சேர்கூட வெளியே போயிருந்தார். அவள் கதிரையிலிருந்து எழும்பி நின்றாள்.

“நான் அதைத் தொடேல்ல அண்ணன்” என்றாள்.