பாசிக்காக ஒரு மறியல்

சங்க வேலை என்றால் தொண்டை உள்ளவரை பேசுவது, தொண்டை கட்டியபின் சுவரொட்டி ஒட்டுவது. செய்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காற்றுக்குப் பட்டா

போராடி, வேதாரண்யம் பக்கத்தில் கூலிக்காரர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தோம். பண்ணை விட்டுக்கொடுத்தது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடை. கடல் உப்பு ஏறிய மண். யூரியா வாங்க ஒருவருக்கும் வழியில்லை. விளையாவிட்டால் நிலத்தைப் பண்ணைக்கே குத்தகைக்கு விட்டுவிட்டுப் பழையபடி கூலிக்குப் போக வேண்டியதுதான்.

வேளாண்மை அலுவலகத்தில் அசோலா என்ற நீர்ப்பாசியை இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் இலைக்குள் ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது யூரியாவில் இருக்கும் அதே தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துப் பாசிக்குக் கொடுக்கும். பாசி மட்கினால் நெல்லுக்குப் போகும். கூட்டத்தில் இதை விளக்கினேன். முன்வரிசையில் இருந்த அஞ்சம்மாள் கேட்டார்: "காத்தையாவது பண்ணையார் பேருல எழுதாம விட்டாங்களா, தோழரே?"

சிவந்த வயல்

வயலில் விட்ட பாசி சில நாளில் செக்கச்செவேலென்று ஆனது. எங்கள் ஆட்களுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சங்கத்துக் கோவிந்தன் வரப்பில் செங்கொடி நட்டான். நான் பேசினேன்.

சைக்கிளில் வந்த வேளாண் உதவியாளர் ஒரு பிடி அள்ளினார். வேர் உதிர்ந்தது. உப்பு ஏறினால் உள்ளே இருக்கும் உயிர் தழைச்சத்துப் பிடிப்பது குறைந்துவிடுமாம். பாசியே பட்டினி கிடக்கும்போது நெல்லுக்கு எதைக் கொடுக்கும் என்றார். பிறகு கொடியைப் பார்த்தார். "நோவு வந்தாலும் இது சிவக்கும்ங்க, தோழர். கொஞ்சம் விசாரிச்சுட்டு நட்டிருக்கலாம்."

மேலே என்ன எழுதுவது

உப்பைக் கழுவ ஆற்றுத் தண்ணீர் கேட்டுப் பாலத்தில் உட்கார்ந்தோம். பொதுப்பணித் துறை அதிகாரி வந்தார். நல்ல மனிதர், வெயிலில் எங்களோடு நின்றார். "நெல்லுக்குத் தண்ணி கேட்டு மறியல் பார்த்திருக்கேன். பாசிக்குன்னா மேல என்னன்னு எழுதுறதுங்க?"

அஞ்சம்மாளின் சட்டி

ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, இரு தரப்பிடமும் மனு கொடுத்தோம். தண்ணீர் வரவில்லை. அதற்குள் அஞ்சம்மாள், சிவக்காமல் மிஞ்சிய பாசியைப் பொறுக்கி ஒரு வாயுடைந்த சட்டியில் போட்டு, தொலைவிலிருந்து இடுப்பில் சுமந்துவந்த குடிதண்ணீரை ஊற்றி வைத்திருந்தார். வீட்டில் அதற்காகச் சண்டை.

ஐப்பசி மழை உப்பைக் கழுவியதும் வயலில் விட்டார். பச்சையாகவே பரவியது. மற்றவர்களும் அவரிடம் வாங்கி விட்டார்கள். விளைச்சல் சுமார்தான், ஆனாலும் கதிர் முற்றியது. குத்தகைப் பத்திரத்தோடு வந்த பண்ணைக் காரியஸ்தரிடம் அஞ்சம்மாள் சொன்னார்: "அறுப்புக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க ஐயா, எங்களது முடிஞ்சதும் வர்றோம்."

நிலத்தை வாங்கிக் கொடுத்தது நாங்கள், பாசியைக் காத்தது அஞ்சம்மாள், விளைச்சலுக்கு நன்றிச் சுவரொட்டி மட்டும் ஆளும் கட்சி அமைச்சருக்கு, அதுவும் எங்கள் சங்கச் சுவரிலேயே.