ஜன்னல் கண்ணாடியில் ஓர் ஊர்

அமெரிக்காவில், சன்னிவேலில் கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்காருவார், அந்தச் செக் நாட்டுக்காரர். வெளுத்த புருவம், நீண்ட விரல்கள். ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்தால் போதும், விரலால் வரையத் தொடங்கிவிடுவார். ஒரு குன்று, அதன் அடியில் ஓடை, ஓடைக்கரையில் சர்ச், அதைச் சுற்றி வீடுகள். எப்போதும் அதே படம்தான்.

நம் ஊர்ப் பழக்கம் விடுமா? ஒருநாள் கேட்டேன்: "இதுதான் உங்க நேட்டிவ் ப்ளேஸா?"

"ஆமாம். பல நூறு வருஷத்து ஊர்."

"லீவுக்குப் போவீங்களா?"

"எங்கே போவது? ஊருக்கு அடியில் நிலக்கரி இருந்தது. தோண்டி எடுத்துவிட்டார்கள். எங்கள் சமையலறை இருந்த இடத்தில் இப்போது காற்றுதான். பறவைகள் பறக்கின்றன."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அணையில் மூழ்கிய ஊருக்குக்கூடத் தண்ணீருக்கு அடியில் தரை இருக்கும். இவர் ஊருக்கு அதுவும் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "எனக்கும் நிலக்கரி ஊர்தான், நெய்வேலி. அப்பா சுரங்கத்தில் என்ஜினீயர்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "சுரங்கத்துக்கு முன்னால் அங்கே இருந்த ஊருக்கு என்ன பேர்?" என்று மட்டும் கேட்டார்.

அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அப்பாவுக்கு போன் போட்டேன். "மைன்ஸ் இருக்கற இடத்துல முன்னாடி என்ன ஊருப்பா இருந்துச்சு?"

"எந்த ஊரைக் கேக்கற? ஒண்ணா, ரெண்டா?" என்றார் அப்பா, சர்வசாதாரணமாக.

அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு பெயர். அப்பா சொல்லிக்கொண்டே போனார்.