ஒரே ஒரு சிவப்பு அட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார்களுக்கு வயர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் லைன் லீடரான புதிது. முப்பது பெண்கள் என் கீழே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாத்ரூம் போகிறவர்கள் அரட்டை அடித்துவிட்டு வருகிறார்கள் என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார். அவரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் நானே ஒரு ரூல் போட்டேன். கயிறு கோத்த சிவப்பு அட்டை ஒன்று. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். ஒருவர் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவர். டீ பிரேக்கிலும் அப்படித்தான். சூப்பர்வைசர் பாராட்டினார். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு பெண் நீர்க்கடுப்பு வந்து இரண்டு நாள் லீவு போட்டாள். அவள் திரும்பி வந்த அன்று அதைச் சொல்லி, லைனில் இருந்த வடக்குப்பட்டு ஊர் அக்கா ஒருவர் என்னிடம் வந்தார்.

"இந்த அட்டை வேணாம், லீடரம்மா."

"ரூல்னா ரூல்தான்க்கா" என்றேன்.

"சரி, ரூல்படியே நடந்துக்கறோம்" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்றைய டீ பிரேக்கில் முப்பது பேரும் டீ குடிக்கப் போகாமல் அட்டைக்கு வரிசையில் நின்றார்கள். பிரேக் முடிவதற்குள் நாலு பேர்தான் போய் வந்திருந்தார்கள். மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை. லைன் நின்றுவிட்டது.

"இன்னாக்கா இது?" என்று பதறினேன்.

"நீ போட்ட ரூலுதாம்மா. ஒரே அட்டைதானே கீது?" என்றார் அக்கா. வரிசை முழுக்கச் சிரிப்பு.

மானேஜரே வந்துவிட்டார். யார் போட்ட ரூல் என்று கேட்டார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். முப்பது பேருக்கும் தெரியும், ஒருவர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஆனால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு, போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். என் ரூல்படி எனக்கும் அட்டை வேண்டுமே.

மானேஜர் லைனைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். அட்டையை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் போயிட்டு வாங்கம்மா" என்றார். ஒரே கைதட்டல்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

"உன்ன தூக்கிட்டா ஒரு ஆம்பளைய கொண்டாந்து வெப்பாங்க. அப்புறம் அவன்கிட்ட போயி அட்டை கேட்டுகினு நிக்கணுமா? நீயே இருந்துட்டுப் போ" என்று கடலை உருண்டையில் பாதியை என் கையில் திணித்தார்.

பெண்ணுரிமை என்ற வார்த்தையை அந்த அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை. இன்று கம்பெனிக் கமிட்டியில் பெண்களுக்காகப் பேச எழுந்திருக்கும்போதெல்லாம், அந்த வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு பேசுவதாகவே நினைத்துக்கொள்கிறேன்.