நூறு எண்ணி முடிக்கும் வரை

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷமாயிற்று. எல்லாருக்கும் அவள் சாவியக்கா. கழுத்தில் எப்போதும் ஒரு நீல நைலான் கயிறு கிடக்கும். வண்டி ஓடாத நேரமெல்லாம் அதில் டிராக்டர் சாவி தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். அது பொய்யுமில்லை.

வண்டி ஒன்றும் பெரிதில்லை. கொஞ்சம் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வாங்குகிற குட்டி டிராக்டர். அதன் பின்னால் கிளை அரைக்கும் மிஷினை மாட்டியிருந்தார்கள். மிஷினுக்கு இரண்டு வாய். பக்கவாட்டில் இருப்பது மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளுக்கு. மேலே அகன்று தொட்டி மாதிரி இருப்பது இலைக்கும் சுள்ளிக்கும். உள்ளே கத்தி பதித்த இரும்புச் சக்கரம். இந்தப் பக்கம் கிளை போனால் அந்தப் பக்கம் சிராய் பறக்கும். செடிகளுக்கடியில் பரப்ப அந்தச் சிராயை வீட்டுக்காரர்களே வைத்துக்கொள்வார்கள்.

வண்டியைப் பார்த்துக்கொள்வது அவள் கணவன் வேலை. கிளைகளை இழுத்துவந்து அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

மிஷினைப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக்குக்கு ஒரு கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் இதே மாதிரி ஒரு மிஷினுக்குள் போயின. அவர் முதல் நாளே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார்: "எஞ்சினை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிக்காது மச்சான். சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். பொறுமை இல்லாதவனுக்காகவே காத்துக்கிட்டிருக்கும். நூறு எண்ணிட்டுக் கையை வை." பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ எண்ணும்மா தங்கச்சி. எனக்கு எண்ண விரல் பத்தாது" என்று சிரித்தார்.

அவர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். மிஷின் அடைத்தால் கணவன் எஞ்சினை நிறுத்துவான். சாவியை உருவி அவள் கையில் கொடுப்பான். அவள் அதைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு நூறு எண்ணுவாள். எண்ணி முடித்துத் தலையசைத்த பிறகுதான் அவன் கொக்கிக் கம்பை எடுப்பான், கையை வைப்பான். அடைப்பை எடுத்து, "ஆச்சு, குடு" என்று கை நீட்டினால்தான் சாவி திரும்பிப் போகும்.

"என் வீட்டுக்காரி ஸ்கூல்ல நூறு வரைக்கும்தான் போனா. அதுக்கு மேல எண்ணச் சொன்னா வேலையை விட்டுருவா" என்று போகிற இடமெல்லாம் சொல்வான். அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "முப்பத்தேழு, பன்னெண்டு, எழுபத்தாறு" என்று காதோரம் ஓதுவான். கணக்குத் தப்பிவிடும். அவள் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். வாயாடிப் பழக்கமில்லாதவள். அவளுக்கு அதுதான் கொஞ்சல், கோபம் எல்லாம்.

அவனுக்கு முதலில் தப்பியது இலையில். ஈர இலையை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது, காய்ந்த சுள்ளியோடு கலந்து போட வேண்டும், இல்லையென்றால் களியாகி அடைக்கும். அவளுக்கே அதைச் சொல்லித் தந்தவன் அவன்தான். ஒரு நாள் கூடை கூடையாக ஈர இலையைக் கொட்டினான். அசதி என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிற டீச்சர் வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டான். அவள் கையைக் காட்டினாள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து திருப்பம் வருவதற்கு முன்பே அவள் கை நீண்டுவிடும். சுள்ளியையும் இலையையும் அவளே கலந்துவைத்துவிடுவாள். அவன் தப்பு செய்ய இடமே இல்லாமல் பார்த்துக்கொண்டால் தப்பு இல்லை என்றே ஆகிவிடும் என்று நம்பினாள். எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பிற்பாடு அவள் மனதை அறுத்தது அதுதான்.

அன்று டீச்சர் வீட்டுத் தோட்டத்தில் வேலை. ரிட்டயரான டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவள் வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த கிளைகளை இழுக்கப் போயிருந்தாள். மிஷின் சத்தம் கம்மியது. அடைத்துவிட்டது, இப்போது எஞ்சின் நிற்கும் என்று காத்தாள். நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அவன் மேல் தொட்டிக்குள் குனிந்து கையை விட்டு ஈர இலையை வழித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. வீட்டில் சட்டி கழுவுகிறவன் மாதிரி இருந்தான்.

கிளையைப் போட்டுவிட்டு எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஈர மண்ணில் விழுந்தார்கள். அவன் சட்டையின் வலது கை முழங்கைவரை கிழிந்து உள்ளே போயிருந்தது. கை இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. அவள் எழுந்து சாவியை உருவினாள். எஞ்சின் அடங்கியது. சக்கரம் மட்டும் உள்ளே முனகிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, தள்ளி விட்டுட்டே?" என்றான் மண்ணில் உட்கார்ந்தபடியே. "டீச்சர் பார்க்கிறாங்க, மானம் போகுது."

"சாவி..." என்றாள்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

அவள் கையைத் திறந்து பார்த்தாள். இருந்தது. "ஆமா. என்கிட்டதான் இருக்கு."

"அப்புறம் என்ன பயம்?" என்று சிரித்தான்.

டீச்சர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அவள் தோளைத் தொட்டு, "நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது திரும்பி வருகிற ஞாபகமில்லை, இன்னும் போகும் என்றார். மகள் போனில் அழுதாள். "அம்மா, அந்தச் சனியனை முதல்ல வித்துத் தொலை."

"அதுவும் போயிட்டா உங்க அப்பா எங்க போவாரு?" என்றாள் இவள்.

மூன்று விரல் மெக்கானிக் வந்தார். கணவன் தூங்குகிற நேரம் பார்த்து மிஷின் பெல்ட்டைக் கழற்றினார். கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் சுற்றினார். கடைசிப் போல்ட்டைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "எத்தனை பேருக்கு மச்சானைக் காட்டிச் சொல்லியிருப்பேன், தங்கச்சி. 'அவரைப் பாரு, பத்து விரலோட இருக்காரு, அவரை மாதிரி வேலை செய்'னு." சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் காலை கணவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வண்டி நிற்கும் கொட்டகைக்கு வந்தான். "சாவியைக் குடு, நேரமாச்சு."

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் வாயில் தானாக வந்தது. "அடைச்சிருக்குங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க."

அவன் தலையாட்டினான். "எண்ணிட்டியா?"

எண்ணினாள். ஓடாத சக்கரத்துக்காக நூறு எண்ணித் தலையசைத்தாள். அவன் கொக்கிக் கம்பை எடுத்து, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்த தொட்டிக்குள் மெல்லத் துழாவ ஆரம்பித்தான். கை வலித்ததும் உள்ளே கூட்டிப் போய்ச் சாப்பாடு போட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். இல்லாத அடைப்பை ஏழு மாதம் எடுத்தான். ஒரு நாள்கூட அவள் எண்ணி முடிக்காமல் கையை வைக்கவில்லை. எல்லாம் போன பிறகு இது மட்டும் திரும்பி வந்திருந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் அவள் வழக்கம்போல் கொட்டகைக்குப் போனாள். அவன் மிஷின் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான். கம்பைத் தொடவில்லை.

"அடைச்சிருக்குங்க" என்றாள்.

"தெரியும்மா" என்றான் மரியாதையாக. "நீங்க தள்ளி நில்லுங்க. இது பொல்லாத மிஷினு. என் வீட்டுக்காரி வரணும். சாவி அவகிட்டதான் இருக்கு."

அவள் கயிற்றைக் கழற்றிச் சாவியை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று தெரியவில்லை. பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் வாடியது. "அவளோடதுதான். எங்க கிடைச்சுது உங்களுக்கு? பாவம், தேடிக்கிட்டிருப்பா. அவ கையில குடுத்துடுங்க." பத்திரமாக அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"நான் எண்ணட்டுமா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? அவதான் எண்ணுவா. நான் நடுவுல வம்பு பண்ணுவேன். கோவிச்சுக்கவே மாட்டா, மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பா." சொல்லும்போது அவன் கண் வாசல் பக்கமே இருந்தது. "வந்துடுவா. பக்கத்துல எங்கயாவது கிளை இழுத்துக்கிட்டிருப்பா."

அவள் சாவியை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். மழை தூறத் தொடங்கியது. உதட்டுக்குள் எண்ணினாள். இருபது. நாற்பது. காதோரம் யாரும் எதையும் ஓதவில்லை. தொண்ணூற்றொன்பதுவரை வந்தாள். நூறு என்று சொல்லித் தலையசைத்தால் அவன் பார்க்க மாட்டான் என்று தெரிந்தது.

ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.