பெரியண்ணை சாப்பிடாத நண்டு

உப்புத் தண்ணீரில் அவிந்த நண்டின் வாசம்… அதோடு பட்டரில் வதங்கும் பூண்டின் வாசமும்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ். நானும் மனைவி சுமதியும் மேல்மாடி அறையில் பெட்டியைக்கூடத் திறக்காமல் அந்த வாசத்தை இழுத்துக்கொண்டு நின்றோம்.

கொரோனாவுக்கு முந்திய கோடை அது. ரொறன்ரோவிலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். நாங்கள் இருவர், பெரியண்ணை, அண்ணி.

பெரியண்ணை எனக்குத் தகப்பன் மாதிரி. கனடாவுக்கு வந்திறங்கியபோது ரொறன்ரோவின் மல்வேர்னில் அவருடைய அப்பார்ட்மென்ட் ஹோலில்தான் படுத்தேன். அவர் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதே இல்லை.

அந்த கெஸ்ட் ஹவுஸை நோரா என்ற பெண் தனியாக நடத்தினார். உருளைக்கிழங்கு வீட்டுக்குப் பின்னால் கிண்டியது. சீஸ் மேட்டுப் பண்ணையில் செய்தது. பாண் அவரே சுட்டது, வெண்ணெய் பக்கத்து வீட்டு மாட்டினுடையது. ஜன்னலால் பார்த்தால் ஆடு மேயும்; அந்த ஆட்டிறைச்சிதான் மறுநாள் மேசைக்கு வரும்.

அறை எடுக்கும்போதே அவருக்கு ஈமெயில் எழுதியிருந்தேன். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஆட்கள், நண்டென்றால் உயிர் என்று. அந்த மனுசி அதை மனதில் வைத்து, கீழே இறங்குதுறையில் படகுக்காரரிடம் சொல்லிவைத்து, பெரிய நண்டுகளாக வாங்கியிருந்தார்.

சாப்பிடக் கூப்பிட்டார். போனோம். வெள்ளைத் துணி விரித்த மேசை, நான்கு சாப்பாட்டுக் கோப்பை, நடுவில் சிவந்துபோன நண்டு…

அண்ணை குனிந்து பார்த்தார்.

“உதென்னடா, வெறுமன அவிச்சு வச்சிருக்கு? மிளகாய்த்தூள் இல்லையோ?”

“அண்ணை, இது இப்பிடித்தான். பட்டரில தொட்டுச் சாப்பிடுறது.”

“தூள் போடாம நண்டு தின்ன நான் என்ன ஆஸ்பத்திரி வருத்தக்காரனே? டவுனில இண்டியன் ரெஸ்ரோரன்ட் ஒண்டு இருக்கு, கூகிள் காட்டுது. ஒரு மணித்தியால ஓட்டம்தான். வெளிக்கிடுங்கோ எல்லாரும்.”

அண்ணி கைப்பையை எடுத்துவிட்டார். நோரா உருளைக்கிழங்குத் தட்டோடு வாசலில் நின்றார். ஏதும் பிழையா என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்க முன்னம் அண்ணை, “வெரி நைஸ், வெரி நைஸ். வீ ஆர் கோயிங் அவுட்!” என்றார்.

நோராவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்… இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. மல்வேர்னில் கதவைத் திறந்தால் கொத்து, இடியப்பம், சம்பல். வருசம் முழுக்க அதைத்தானே சாப்பிடுகிறோம்! ஒரு கிழமை, ஒரேயொரு கிழமை, இன்னொருவர் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

சுமதி கதிரையை இழுத்து இருந்துவிட்டாள்.

“நான் வரேல்ல. நான் சாப்பிடப்போறன்.”

கார்ச்சாவி என் கையில். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

“அண்ணை… நானும் வரேல்ல. நீங்கள் காரை ஓடிக்கொண்டு போயிட்டு வாங்கோ.”

“ஓ… உனக்கும் வாய் வந்திட்டுது.”

சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

நோராவையும் எங்களோடு இருக்கச் சொன்னோம். சுமதி நண்டுக்காலைப் பல்லால் உடைத்த வேகத்தைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். உருளைக்கிழங்கு தோல் வெடித்து மாப்போல உதிர்ந்தது. என் நண்டுக் கோப்பையைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். கோபத்தில்தான் போட்டேன்!

அவர்கள் திரும்பி வந்ததும் அண்ணி என் காதோடு சொன்னார்: “பட்டர் சிக்கன்தான் இருந்தது. நான் ரொட்டியும் ஆறிப்போய் ரப்பர் மாதிரி.” அண்ணை மிச்சப் பயணம் முழுக்க என்னோடு பேசவில்லை.

சரி, பழைய கதை என்று விட்டிருப்பேன். ஆனால் போன சனிக்கிழமை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் ஒரு புது வீடு குடிபூரல். கூட்டத்தின் நடுவில் அண்ணை போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

“அயர்லாந்தில நாங்கள் சாப்பிட்ட நண்டு… அண்டைக்குப் பிடிச்சு அண்டைக்கே அவிச்சது. தூளே தேவையில்லை. ஒரு ஊருக்குப் போனா அந்த ஊர்ச் சாப்பாட்டை அந்த ஊர் மாதிரித்தான் சாப்பிடவேணும். எங்கட சனத்துக்கு உது விளங்காது.”

படம் என்னுடையது! ரத்தம் தலைக்கு ஏறியது.

“அண்ணை, அது என்ர கோப்பை. நீங்கள் அண்டைக்குச் சாப்பிட்டது பட்டர் சிக்கன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். “இவனுக்கு வயசு போய் மறதி வந்திட்டுது” என்றார். எல்லாரும் அவரைத்தான் நம்பினார்கள். என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து அந்த கெஸ்ட் ஹவுஸை இணையத்தில் தேடினேன். நோரா விற்றுவிட்டார். இப்போது கதவுக்கு நம்பர் அழுத்தித் திறக்கவேண்டுமாம். காலைச் சாப்பாடு இல்லை. சமையலறை இருந்த இடத்தில் இன்னொரு படுக்கையறை. கடல் மட்டும் படத்தில் அப்படியே இருக்கிறது…

பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. விட்பியில் தன் வீட்டிலிருந்து அண்ணை. திட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

“டேய்… உண்மையா அது எப்பிடி இருந்தது?”

ஆயிரம் வார்த்தை வாய்வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

“இனிப்பு, அண்ணை. நல்ல இனிப்பு.”

“ம்…” என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு கதிரையில் அவரைப் பிடித்து இருத்தியிருக்கலாம். இன்றைக்கு இருத்துவதற்கு அந்த மேசை இல்லை.