பீரோக்காரியின் முகம்

அவளுக்குப் பீரோக்காரி என்று பேர் வைத்தது அவள் புருஷன்தான். ஆசையாக ஒன்றும் வைக்கவில்லை, வயிற்றெரிச்சலில் வைத்தான். இரும்பு பீரோவில் அவன் சட்டைகள் இருந்த தட்டை ஒருநாள் மளமளவென்று காலி செய்து, அங்கே ஷாம்பு பாட்டில்களை அடுக்கிவிட்டாள். சட்டைகள் கதவுக்குப் பின்னால் ஆணிக்குப் போயின. "சட்டைக்கு ஆணி போதும். இதெல்லாம் வெயில் படாம இருக்கணும்" என்றாள். அவன் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன். "அப்ப நான் எங்கடி இருக்கணும், வண்டியிலயா?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைபேசியில் தொடங்கிய பக்கத்துக்கு 'பீரோக் கடை' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அதற்கு முன்னால் அவள் பெரிய அழகுசாதனக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். நுழைந்ததும் கண்ணில் படுகிற முன் கவுண்டர் அவளுடையது. வருகிறவர்கள் தலையை நீட்டி "அந்த அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவள் கன்னங்களில் பழுப்புத் திட்டாக மங்கு விழுந்தது. இடது கன்னத்தில் கொஞ்சம் அதிகம். ஒருநாள் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இப்படி ஆரம்பிக்கிற ஆள் எவனும் அடுத்து நல்ல வார்த்தை பேசியதாக நான் கேட்டதில்லை. "இது அழகு விக்கிற இடம். உங்க மூஞ்சியப் பாத்துட்டு யாரும்மா க்ரீம் வாங்குவா? கொஞ்ச நாள் கோடவுனப் பாத்துக்கோங்க."

அவள் கோடவுனுக்குப் போய்ப் பெட்டி இறக்கினாள், பெட்டி ஏற்றினாள். எந்த நாட்டுச் சரக்கு, யார் மூலமாக வருகிறது, எந்த ஏஜெண்ட் சொன்ன நாளில் கொண்டுவருகிறான், எவன் இழுத்தடிக்கிறான் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. வேலையை விட்ட கையோடு, நல்ல ஏஜெண்டாகப் பார்த்துப் பேசி அவளே சரக்கு எடுக்க ஆரம்பித்தாள். கோடவுனுக்குத் தள்ளிய மனுஷன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் முள்ளாக உள்ளேயே இருந்தது. தினமும் வீடியோ போட்டாள், முகத்தைக் காட்டவே இல்லை. கட்டிலில் ஒரு ரோஸ் துணி, அதன் மேல் பாட்டில், பக்கத்தில் அவள் கை, பின்னால் அவள் குரல். குரலை வைத்து அவளைக் கல்லூரிப் பெண் என்று நினைத்தவர்கள்கூட உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

மற்றபடி தொழிலில் படு கறார். அவள் எடுக்கிற வெளிநாட்டுச் சரக்கில் ஒட்டியிருக்கும் எழுத்து அவளுக்கும் புரியாது, ஏஜெண்டுக்கும் புரியாது. "எனக்குப் பெட்டியத் தூக்கத்தான் தெரியும், படிக்கத் தெரியாது" என்பான் அவன். கைபேசியைக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னால் அது 'சின்ன மலை ஈரம், தலை மிக மகிழ்ச்சி' என்று ஏதோ உளறும். அதனால் அவளாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பெட்டி வந்ததும் ஒரு பாட்டிலைத் திறந்து முதலில் தன் தலையில், தன் கையில், தன் குதிகாலில் போட்டுப் பார்ப்பாள். அடுத்து மாமியார் தலை. இரண்டு தலையும் சரி என்று சொன்னால்தான் என்ன சாமான், எப்படிப் போடுவது என்று தமிழில் எழுதி ஒட்டுவாள். கோணாமல் ஒட்டுவதில் மாமியார் கெட்டிக்காரி. "என் புள்ளைய வளர்த்ததவிட இத ஒட்டுறதுல எனக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சறுக்கினாள்.

அவளிடம் நன்றாக ஓடியது ஒரு ஜோடி. ஷாம்பு ஒன்று, உடம்புக்குப் போடும் லோஷன் ஒன்று. இரண்டும் ஒரே வடிவ பாட்டில், ஒரே வாசனை. ஷாம்புக்கு வெள்ளை மூடி, லோஷனுக்கு ரோஸ் மூடி. ஆரம்பத்திலிருந்தே அவள் மூடியின் நிறத்தை வைத்துத்தான் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த முறை சரக்கு தாமதமாக வந்தது. இன்பாக்ஸில் ஆளாளுக்கு "எப்ப அனுப்புவீங்க?" என்று உயிரை எடுத்தார்கள். கூரியர்க்காரர் வேறு வாசலில் வந்து நின்றுகொண்டு கால் மாற்றிக் கால் மாற்றிப் பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணத் தொறந்து பாத்துடேன்டி" என்றாள் மாமியார்.

"புதுசா என்னத்த பாக்கணும்? அதே பாட்டில்தானே அத்தை. வெள்ளை மூடி, ரோஸ் மூடி. ஒட்டுங்க சீக்கிரம்."

ஒட்டினார்கள், கட்டினார்கள், அனுப்பினார்கள். அங்கே கம்பெனிக்காரன் என்ன நினைத்தானோ, எந்த மகராசன் யோசனை சொன்னானோ, இந்த முறை மூடிகளை மாற்றிப் போட்டிருந்தான். வெள்ளை மூடிக்குள்ளே லோஷன், ரோஸ் மூடிக்குள்ளே ஷாம்பு.

முதல் புகார் ஒரு டீச்சரிடமிருந்து வந்தது. கை காலில் லோஷன் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். வழியில் மழை. "உடம்பெல்லாம் நுரைம்மா! பசங்க முன்னாடி என் மானமே போச்சு!" என்று போனில் கத்தினார். பீரோக்காரி ஓடிப்போய் ஒரு பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள். நுரைத்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லாத மாமியாரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இவள் சொல்லவில்லை.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண் வீடியோவே போட்டுவிட்டாள். தலைமுடி முழுக்க லோஷன் அப்பி, பிசுபிசுவென்று மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. "இன்டர்வியூவுக்குப் போகணும், பாருங்க என் கோலத்த. பீரோக் கடைன்னு ஒண்ணு. ஏமாத்துக்காரி. அதான் ஒருநாள்கூட மூஞ்சியக் காட்டினதில்ல!" அதை ஊரே பார்த்தது, ஊரே சிரித்தது.

மறுநாள் காலையில் புருஷனின் அண்ணன் வந்தார். அவருக்கு எதிலும் ஒரு யோசனை உண்டு, கேட்காமலே தருவார்.

"பக்கத்த அழிச்சிடும்மா. புதுசா வேற பேர்ல ஒண்ணு தொறந்துக்கோ. பாட்டில மாத்திக் குடுத்துக்கிட்டிருந்தா போண்டியாயிடுவ. உன் மூஞ்சிய எவனும் பாத்ததில்ல, பேர் தெரியாது, ஊர் தெரியாது. யாரு வந்து உன்னக் கேக்கப் போறா?"

"வாங்கினவங்களுக்கு என்ன பதில் சொல்றது, பெரியத்தான்?"

"பதில் சொல்றதுக்கு நீ யாரு, மந்திரியா? கண்ணுக்குத் தெரியாத கடை. மூடிட்டுப் போயிட்டே இரு. இல்லையா, பழைய கடையிலயே போய்க் கேளு, கோடவுன் வேலையாவது இருக்கும்."

சொல்லிவிட்டு அவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவள் கைபேசியை எடுத்தாள். அழிக்கிற இடம் வரைக்கும் போனாள். 'நிச்சயமாக நீக்கவா?' என்று அது கேட்டது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், டீச்சர் இல்லை, கல்லூரிப் பெண் இல்லை, பீரோக் கடையும் இல்லை. பீரோக்காரி என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது. எதிரே பீரோக் கதவின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. இடது கன்னத்து மங்கும் தெரிந்தது. அவளுக்கு அப்போது வந்தது பாருங்கள் ஒரு கோபம்! அண்ணன் மேல் இல்லை, அந்தக் கல்லூரிப் பெண் மேலும் இல்லை. இத்தனை நாளாக அந்த மேனேஜரின் பேச்சைக் கேட்டு நடந்த தன் மேலேயே வந்தது.

"அத்தை, போனப் பிடிக்கிறீங்களா?" என்றாள்.

"எதுக்குடி?"

"லைவ் போகப் போறேன். குளியலறைக்கு வாங்க."

புருஷன் சாப்பிட வந்தவன் வாசலில் நின்று பார்த்தான். "யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டான். "யோசிச்சா போக மாட்டேன்" என்றாள். அவன் நகர்ந்து வழி விட்டான்.

பட்டப்பகல். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுகிற மாதிரி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பவுடர்கூடப் போடவில்லை. மாமியார் போனைச் சரித்துப் பிடித்ததில் முதலில் குழாயும் வாளியும்தான் தெரிந்தன, அப்புறம்தான் அவள் வந்தாள்.

"பீரோக் கடை நான்தான். இதுதான் என் மூஞ்சி" என்று ஆரம்பித்தாள். "வெள்ளை மூடி பாட்டில்ல ஷாம்புன்னு நான் எழுதி ஒட்டியிருக்கேன். உள்ள இருக்கிறது லோஷன். கம்பெனி மூடிய மாத்திட்டான், ஆனா தப்பு என்னுது. எப்பவும் தொறந்து பாப்பேன், இந்தத் தடவை பாக்கல. உங்க தலையில என்ன ஆச்சோ அது என் தலையிலயும் ஆகட்டும்." பாட்டிலைத் தலையில் கவிழ்த்தாள். லோஷன் நெற்றியில் வழிந்து காதில் இறங்கியது. இரண்டு கையாலும் போட்டுத் தேய்த்தாள்.

பார்க்கிறவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். சிரிப்புப் படங்கள் குவிந்தன. நடுவில் எவனோ ஒருவன் எழுதினான். மாமியார் அதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே இறக்கப் பார்த்தாள்.

"இறக்காதீங்க அத்தை, இங்க காட்டுங்க." கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு சத்தமாகவே படித்தாள். "'இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நீ க்ரீம் விக்கிறியா?' ஆமாய்யா, இந்த மூஞ்சியத்தான் வச்சிருக்கேன். இரவல் வாங்கினது இல்ல. இதுக்குப் பேரு மங்கு. ரெண்டாவது புள்ள பொறந்தப்போ வந்துச்சு. இத எடுக்கிற க்ரீம் என் பீரோவுல இல்ல. இருந்தா நானே போட்டுக்க மாட்டேனா? நான் விக்கிறது சோப்பு, ஷாம்பு, லோஷன். அழுக்கு போகும், வறட்சி போகும். மங்கு போகும்னு சொல்லி ஒருநாளும் ஒரு டப்பா விக்க மாட்டேன். பிடிச்சா வாங்கு, பிடிக்கலன்னா அந்தப் பக்கம் போ!"

"அப்படிச் சொல்லுடி என் ராசாத்தி!" என்றாள் மாமியார். அதுவும் லைவில் போய்விட்டது.

வெறும் தண்ணீர் ஊற்றினாள். பிசுக்கு போகவில்லை, அதையும் கிட்டத்தில் காட்டினாள். பிறகு லோஷன் என்று ஒட்டியிருந்த ரோஸ் மூடி பாட்டிலைத் திறந்து தேய்த்தாள். நுரை பொங்கி, இரண்டு அலசலில் முடி சுத்தமாகிவிட்டது. "ரெண்டு பாட்டிலும் இருக்கிறவங்க இதே மாதிரி அலசுங்க. ஒண்ணு மட்டும் வாங்கினவங்களுக்குச் சரியான பாட்டில் வரும். பழசத் திருப்பித் தர வேண்டாம். பக்கத்துல இருக்கிறவங்களுக்கு என் வீட்டுக்காரர் தண்ணி கேனோட கொண்டுவந்து தருவார்" என்றாள். இது வாசலில் நின்றவனுக்கே அப்போதுதான் தெரியும். தலையைச் சொறிந்துகொண்டான்.

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். டீச்சர் அதற்கப்புறம் எதுவும் வாங்கவில்லை. சிலர் ஆர்டரை ரத்து செய்தார்கள். மாற்றிக் கொடுத்தது கையை நன்றாகவே கடித்தது. அந்தக் கல்லூரிப் பெண் மட்டும், "இன்னும் கோபமாதான் இருக்கேன் அக்கா. ஷாம்பு தீர்ந்ததும் சொல்றேன், அனுப்புங்க" என்று எழுதினாள். புருஷன் தன் வண்டியில் கேன்களுக்கு நடுவே பாட்டில்களைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்வந்தான். போகிற இடத்தில் எல்லாம் "பீரோக்காரி வீட்டுக்காரரா?" என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் வயிற்றெரிச்சல் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு போன் வந்தது. பழைய மேனேஜர். குரலில் வெண்ணெய் வழிந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா? உங்க வீடியோவப் பாத்துட்டு எங்க கவுண்டர்ல வந்து எல்லாரும் அந்த ரோஸ் மூடி ஷாம்புதான் கேக்குறாங்க. எங்ககிட்ட அந்தச் சரக்கு இல்ல. நீங்க மொத்தமா எடுத்துக் குடுத்தா, நாம சேந்து பண்ணலாம். ஆளு ஒருத்தர அனுப்பட்டுமா?"

"ஆளெல்லாம் வேணாம் சார். நீங்களே வாங்க."

"நானா?"

"ஆமா சார், நீங்கதான். வீட்டுக் கதவத் தட்டுங்க, நான்தான் வந்து தொறப்பேன். நல்ல வெளிச்சமா இருக்கிற நேரமா வாங்க. என் மூஞ்சிய நல்லாப் பாருங்க. பாத்த பிறகும் வாங்கணும்னு தோணுச்சுன்னா வாங்கிக்கோங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அன்றைக்கு வந்த புதுப் பெட்டி கட்டிலில் இருந்தது. கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்து, முதல் பாட்டிலைத் திறந்தாள்.

"அத்தை, தலையக் குடுங்க" என்றாள்.