காதர் பாயின் கணினியில் இரண்டு பெயர்கள்

கணினி பழுதுபார்ப்பவனிடம் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, மனிதர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இத்தொழிலில் உழலும் தோழர்களே, உங்களுக்கும் அந்தப் பார்வை பழக்கமாயிருக்கும். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்தெருவில் இருபது ஆண்டுகளாகக் கடை நடத்தும் நான், அந்தப் பார்வைக்கு இருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன்.

சாவி இல்லாத அறை

செம்பூரிலிருந்து வித்யா என்ற ஆராய்ச்சி மாணவி மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். விண்டோஸில் இடம் போதவில்லை என்றாள். வன்வட்டில் பெயரில்லாத பெரும்பகுதி ஒன்று இருந்தது. விண்டோஸால் அதைப் படிக்க இயலவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. அதை அழித்து விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தேன். விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸை அவள் வைத்திருந்த பகுதி அது. மூன்றாண்டு ஆய்வு அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை.

ஒரு கட்டடக் காவலாளி, தன்னிடம் சாவி இல்லாத அறைகளையெல்லாம் ஆளில்லாதவை என்று எழுதி வாடகைக்கு விட்டானாம். தோழர்களே, அந்தக் காவலாளி நானே. வித்யா அழவில்லை. பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடியபடியே கேட்டாள்: "உங்களுக்குப் படிக்கத் தெரியலைன்னா அது காலின்னு அர்த்தமா, சார்?"

பென்டிரைவில் அடங்கியவை

அன்றுமுதல் அறியாத எதையும் அழிப்பதில்லை என்று உறுதி கொண்டேன். தாராவியில் தோல்பை தைக்கும் காதர் பாய் வந்தபோது, அந்த உறுதி எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. அவருடைய மகன் நசீர் சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தவன். பட்டறைக் கணினியில் தகப்பனாருக்கு விண்டோஸும் தனக்கு லினக்ஸுமாக அமைத்து வைத்திருந்தான். எது வேண்டுமென்று கேட்கும் பட்டியல் ஒன்று, கணினியைப் போட்டதும் திரையில் வரும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் முதல் அந்தப் பட்டியலைக் காணோம். நேரே விண்டோஸ் திறந்தது. "மவன் வச்சது போயிட்டு, தம்பி" என்றார்.

லினக்ஸ் பகுதிக்குப் பங்கமில்லாமல், அதிலிருந்த படங்கள், பை வடிவங்கள், பாட்டுகள் அனைத்தையும் பென்டிரைவில் நகலெடுத்து நீட்டினேன். "சாச்சா, சப் மில் கயா!" என்று, எல்லாம் கிடைத்துவிட்டதென இந்தியில் மகிழ்ந்தான் என் கடைப் பங்காளி சந்தோஷ். காதர் பாய் அதை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் வீட்லயும் இருக்கு தம்பி. காலைல அவம் பேரு வருமே, அது இதுல எங்க வரும்?"

பத்து விநாடி

முதலில் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். பட்டியலில் விண்டோஸ், லினக்ஸ் என்று வரவேண்டிய இடத்தில், நசீர் ஆங்கில எழுத்தில் மேலே, தகப்பனாரைத் தான் அழைக்கும் 'வாப்பா' என்றும் கீழே 'நசீர்' என்றும் எழுதி வைத்திருந்தான். பத்து விநாடி இரண்டு பெயர்களும் நிற்கும். யாரும் தொடாவிட்டால் வாப்பாவினுடையது திறக்கும். மகன் போன பிறகும் தினமும் காலையில் தகப்பனார் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார்.

பட்டியலைப் புதிதாக நிறுவினால் நசீர் எழுதியது போய்விடக்கூடும். அஞ்சி அஞ்சி அமைப்புத் திரையைத் திறந்தேன். எதுவும் அழியவில்லை, விண்டோஸ் தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவே. பட்டியலைக் காட்டுவது லினக்ஸ்தான் என்பதால், அதை முதலிடத்துக்கு நகர்த்திவிட்டுக் கணினியை மீண்டும் போட்டேன். கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. காதர் பாய் எழுந்து நின்றார். விண்டோஸ் திறந்த பிறகே உட்கார்ந்தார்.

தோழர்களே, எது காணவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். நாம் கண்டுபிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கிறது. தொடும்வரை பெயர்கள் மறையாதபடி செய்து தரட்டுமா என்று காதர் பாயிடம் கேட்டேன். தலையை அசைத்தார். "வேணாம் தம்பி. சீக்கிரம் தொறக்கலன்னு இதுக்காவ அவன எத்தன நாளு ஏசிருக்கேன். அவம் வச்ச பத்து செகண்டு அப்படியே இருக்கட்டும்."

கணினி வேகமாகத் திறக்கவில்லை என்று இருபது ஆண்டுகளாக என்னை ஏசாதவர் இல்லை. மெதுவாகத் திறந்ததற்காக என் கையைப் பற்றிக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.